ஆட்டுக்கொல்லியின் தடம்

1987ஆம் ஆண்டு, அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலும் இன்று விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ள அரசூரில், செம்மறியாடுகள் கடும் காய்ச்சலும் மூக்கொழுக்கும் கழிச்சலும் கண்டு செத்தன. அறிகுறிகளை மட்டும் பார்த்தால், மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்றுவந்த வெக்கை நோய்தான் ஆடுகளுக்கும் தொற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வதுதான் இயல்பாகவும் இருந்தது. ஆனால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். சைலாவும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட கட்டுரை, அரசூர் ஆடுகளில் இருந்தது வெக்கை வைரஸ் அல்ல, அதற்கு நெருங்கிய உறவான வேறொரு வைரஸ் என்று காட்டியது. இந்தியாவில் அந்த நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. கால்நடை மருத்துவர்கள் இதை ஆங்கில எழுத்துகளால் பி.பி.ஆர். என்கிறார்கள், தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்றும், வெக்கை சார்பு நோய் என்றும் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. இரண்டாவது பெயரில் ஒரு பழைய குழப்பம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குழப்பம் அரசூருக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இல் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது, சிறு அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆயினும், இது ஆடுகளுக்குப் பழகிப்போன வெக்கை வைரஸே என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. மனிதரின் தட்டம்மை, நாய்களின் டிஸ்டெம்பர், மாடுகளின் வெக்கை ஆகியவை அடங்கிய வைரஸ் குடும்பத்தில் இது தனி உறுப்பினர் என்பது 1979இல்தான் ஏற்கப்பட்டது. ஆகவே 1979க்கு முந்தைய பதிவேடுகளில் 'ஆடுகளில் வெக்கை' என்று எழுதப்பட்டிருக்கும் இடங்களில் எத்தனை உண்மையில் ஆட்டுக்கொல்லி என்பதை இனிப் பிரித்தறிய வழியில்லை. 1987இல் இந்நோய் இந்தியாவுக்கு வந்தது என்று சொல்வதற்கும், 1987இல் அது அடையாளம் காணப்பட்டது என்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டால், நோய்ப் பரவல் வரைபடங்கள் எல்லாவற்றையும் தவறாகவே படிப்போம். அந்த வரைபடங்களில் குறிக்கப்பட்டிருக்கும் ஆண்டுகள் பெரும்பாலும் வைரஸ் வந்த ஆண்டுகள் அல்ல. யாரோ ஒருவர் அதைத் தேடிக் கண்ட ஆண்டுகள்.

பின்தொடரும் வேலையைப் புரிந்துகொள்ள நோயின் நாட்கணக்கு முதலில் தெரிய வேண்டும். தொற்றிய நான்கு முதல் ஆறு நாட்களுக்குள் ஆட்டுக்குக் காய்ச்சல் நாற்பது டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. மூக்கிலும் கண்ணிலும் முதலில் நீராக வடிவது பிறகு கெட்டியாகிச் சளியும் பீளையுமாக அப்பிக்கொள்கிறது. ஈறிலும் நாக்கிலும் புண் வந்து ஆடு தீனியைத் தொடாமல் நிற்கிறது. அடுத்து நாற்றமுள்ள கழிச்சல், மூச்சிரைப்பு, பல ஆடுகளுக்கு ஒரு வாரம் பத்து நாட்களில் சாவு. நோயை முன்பின் அறியாத மந்தையில் ஏறக்குறைய எல்லா ஆடுகளுக்கும் தொற்றி, பாதிக்கும் மேற்பட்டவை செத்துப்போவதும் உண்டு. தாயின் சீம்பாலில் கிடைத்த பாதுகாப்பு மூன்று நான்கு மாதங்களில் தீர்ந்துவிடுவதால், பால் மறந்த குட்டிகள்தான் அதிகம் அடிபடுகின்றன. பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுதும் இந்நோய் மீண்டும் வருவதில்லை. நோயை ஆண்டுக்கணக்கில் மறைவாகச் சுமந்து திரியும் ஆடு என்றும் ஒன்று இல்லை. மனிதருக்கு இது தொற்றாது. இந்தக் கடைசிச் செய்தி நல்லதுதான் என்றாலும், பறவைக் காய்ச்சலுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆட்டுக்கொல்லிக்குக் கிடைக்காமல் போவதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இவ்விவரங்களில் பின்தொடர்பவருக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது, காய்ச்சல் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே ஆடு வைரஸை வெளியிடத் தொடங்கிவிடுகிறது; சந்தையில் வாங்குபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, எடையைத் தூக்கிப் பார்த்து நலமான ஆடு என்று ஓட்டிச் செல்லும் ஆட்டிலேயே நோய் இருக்கலாம். இரண்டாவது, இந்த வைரஸுக்கு உடம்புக்கு வெளியே தாக்குப்பிடிக்கும் வலு கிடையாது. வெயிலும் வறட்சியும் அதை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். காற்றில் பல மைல் பறப்பதில்லை, கொசுவோ உண்ணியோ அதைச் சுமப்பதில்லை. ஓர் ஆட்டின் மூச்சும் சளியும் சாணமும் இன்னோர் ஆட்டுக்கு எட்டும் நெருக்கம் வேண்டும். அதாவது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வைரஸ் போயிருக்கிறது என்றால், அந்த வழியில் ஏதோ ஓர் ஆடு நடந்தோ வண்டியேறியோ போயிருக்கிறது. மந்தைகள் நகரும் பாதை, சந்தை, தரகர், வண்டி, திருவிழா ஆகியவற்றை அறிந்தவருக்கு ஆட்டுக்கொல்லியின் பாதை பாதி தெரிந்துவிட்டது என்று சொல்வதில் மிகை இல்லை.

ஆட்டு வணிகம் நடக்கும் விதம் இந்த வைரஸுக்கென்றே வகுத்துக் கொடுத்தது போல இருக்கிறது. அய்யலூர், எட்டயபுரம், செஞ்சி, மேலப்பாளையம் போன்ற வாரச் சந்தைகளில் பல தாலுகாக்களின் ஆடுகள் விடியற்காலையில் ஒன்றாக நெருங்கி நின்று, மதியத்துக்குள் வெவ்வேறு திசைகளுக்குக் கலைந்து போகின்றன. தீபாவளி, பக்ரீத், கோயில் கிடாவெட்டு ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் இந்தக் கூட்டம் பல மடங்காகிறது. விற்காத ஆடு வீட்டுக்குத் திரும்புகிறது. திரும்பும் ஆடு சந்தையில் பெற்றதையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கறிக்குப் போகும் ஆட்டோடு வைரஸின் பயணமும் முடிந்துவிடும். வளர்ப்புக்கு வாங்கப்படும் குட்டியோடுதான் அது தொடரும். சந்தையில் எந்த ஆடு எதற்காக வாங்கப்பட்டது என்பதை எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. தரகரின் நினைவில் மட்டுமே அது இருக்கிறது. இதோடு ஒரு வேதனையான கணக்கும் உண்டு. பட்டியில் இரண்டு ஆடு மூக்கொழுகி நின்றதுமே, மீதியிருப்பவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது சிறு வளர்ப்பாளருக்கு நட்டத்தைக் குறைக்கும் வழி. நோய்க்கிளர்ச்சி தொடங்கும் அதே நாளில் அந்த ஊரிலிருந்து ஆடுகள் அதிகமாக வெளியேறுவது இதனால்தான். அவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் செத்த ஆட்டுக்கு ஈடு எதுவும் கிடைக்காத நிலையில் வேறு எவரும் செய்யக்கூடியதைத்தான் அவரும் செய்கிறார்.

நோய் உறுதியான ஊருக்கு வரும் புலனாய்வுக் குழு முதலில் கேட்பது இரத்தத்தையோ சளியையோ அன்று, நாட்களை. உலக விலங்கு நல அமைப்பின் விதிகளில் இந்நோய்க்கான நோயரும்புக் காலத்தின் உச்ச வரம்பு 21 நாள் என்று கொள்ளப்படுகிறது. எனவே முதல் ஆடு நோய்ப்பட்ட நாளிலிருந்து 21 நாள் பின்னோக்கிச் சென்று, இந்தப் பட்டிக்குள் வந்த புது ஆடு எது, சந்தைக்குப் போய்த் திரும்பியது எது, பக்கத்து மந்தையோடு ஒரே குட்டையில் தண்ணீர் குடித்தது எது, கிடா இனச்சேர்க்கைக்கு இரவல் போனதா என்று கேட்கிறார்கள். பிறகு முன்னோக்கி, இங்கிருந்து போன ஆடுகள் யாரிடம் போயின என்று விசாரிக்கிறார்கள். தாளில் எளிதாகத் தெரியும் இந்த விசாரணை, களத்தில் நினைவுகளை நம்பி நடப்பது. 'போன அமாவாசைக்கு முன்னால்', 'தேர் இழுத்த மறுநாள்' என்று வரும் பதில்களைத் தேதிகளாக மாற்றுவது ஒரு தனித்திறமை. வெக்கை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் இந்தத் திறமையே ஒரு முறையியலாக வளர்க்கப்பட்டது. மேய்ப்பர்கள் தங்கள் மொழியில் நோய்களுக்கு வைத்திருந்த பெயர்களையும், அவர்கள் மந்தையை ஓட்டிச் சென்ற வழிகளையும் ஆய்வாளர்கள் கேட்டுப் பதிவுசெய்து, ஆய்வகக் கருவிகள் எட்டாத இடங்களில் வைரஸ் எங்கே தங்கியிருந்தது என்பதைக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் நினைவு மட்டும் போதாது, ஏனெனில் மூக்கொழுக்கு எல்லாமே ஆட்டுக்கொல்லி அல்ல. நீலநாக்கு நோய், தொற்று நுரையீரல் அழற்சி, ஆட்டம்மை, கோமாரி, வாயைச் சுற்றிக் கொப்புளம் வரும் தொற்று, துள்ளுமாரி என்று ஒன்றை ஒன்று ஒத்துத் தெரியும் நோய்கள் பல இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஆட்டுக்கொல்லி வைரஸ் வெள்ளணுக்களைத் தாக்கி ஆட்டின் எதிர்ப்புத் திறனையே குலைத்துவிடுவதால், நுரையீரலில் பாக்டீரியாக்கள் புகுந்துகொள்கின்றன. அறுத்துப் பார்ப்பவர் நுரையீரல் அழற்சியைக் கண்டு, அதையே சாவுக்குக் காரணமாக எழுதிவிட்டுப் போவதும் நேர்கிறது. நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் கண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்த மாதிரி, குளிர் குலையாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் பி.சி.ஆர். சோதனை ஒரே நாளில் விடை சொல்லும். கழிச்சல் முற்றி, ஆடு சாகப்போகும் நேரத்தில் எடுத்த மாதிரியோ, ஐஸ் உருகிய பெட்டியில் பேருந்தில் இரண்டு நாள் பயணம் செய்த மாதிரியோ அவ்வளவு உதவாது. கர்ப்பச் சோதனைப் பட்டை போல, பட்டியிலேயே வைத்துச் சில நிமிடங்களில் பார்க்கக்கூடிய சோதனைப் பட்டைகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்துள்ளன. நுட்பத்தில் அவை பி.சி.ஆருக்கு ஈடல்ல என்றாலும், அதே இடத்தில் அதே நாளில் பதில் சொல்வதால், அன்றைய சந்தையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அவைதான் பயன்படும்.

வைரஸ் இருக்கிறது என்று அறிந்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது. இங்கே மரபணு வரிசை உதவிக்கு வருகிறது. ஆட்டுக்கொல்லி வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் 15,948 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையில் அடங்கியது. அந்த இழையைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதால், இரண்டு வைரஸ்களுக்கு இடையே உள்ள எழுத்து வேறுபாடுகளைக் கணக்கிட்டு அவை எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லிவிடலாம். இப்படி உலகின் ஆட்டுக்கொல்லி வைரஸ்கள் நான்கு கால்வழிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. மூன்றாவது கிழக்கு ஆப்பிரிக்காவையும் அரேபியத் தீபகற்பத்தையும் சேர்ந்தது. நான்காவது ஆசியாவுக்கு உரியது என்று கருதப்பட்டது. கருதப்பட்டது என்று சொல்லக் காரணம், அந்த நான்காம் கால்வழி ஆசியாவோடு நிற்கவில்லை. சூடானிலும் 2008இல் மொராக்கோவிலும் பின்னர் நைஜீரியா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் அது கண்டறியப்பட்டு, பழைய கால்வழிகளின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துவருகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்ததாகக் கருதப்படும் ஒரு நோயின் ஆசியக் கிளை, தாய்வீட்டுக்குத் திரும்பி மூத்தவர்களை வெளியேற்றுவது போன்ற காட்சி இது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் இன்னொரு சிறு இடமும் உண்டு. 1992இல் இங்கு எடுக்கப்பட்ட ஒரு வைரஸ் மாதிரி மூன்றாம் கால்வழியைச் சேர்ந்ததாக இருந்தது. ஓமனிலும் ஏமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் திரியும் கால்வழி அது. இந்தியாவில் அதற்குப் பிறகு கிடைத்தவை எல்லாம் நான்காம் கால்வழியே. கடல் கடந்த கால்நடை வணிகத்தோடு இதற்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றும்; ஆனால் ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தைக் கட்டி எழுப்புவது துப்பறியும் கதைக்குப் பொருந்தும், நோய்ப் பரவலியலுக்குப் பொருந்தாது. மரபணு ஆய்வின் வலுவும் வலுவின்மையும் இந்த ஒரு மாதிரியிலேயே தெரிந்துவிடுகின்றன. மாதிரி எடுத்த இடங்களைப் பற்றி மட்டுமே அது பேசும். எடுக்காத ஊர்களும் எடுக்காத ஆண்டுகளும் அதன் கண்ணுக்கு வெறுமையாகவே இருக்கும்; வரைபடத்தில் வெறுமையாக இருப்பதை நோயில்லாத இடம் என்று படிக்கும் பழக்கமோ நம் எல்லோருக்கும் உண்டு.

சீனாவின் இரண்டு அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஆட்டின் தடம்தான் நோயின் தடம் என்பது இன்னும் தெளிவாகும். 2007இல் திபெத்தின் மேற்கு மூலையில் நோய் நுழைந்தது. மக்களும் சாலைகளும் குறைந்த அந்த உயர்நிலத்தில், நடமாட்டத்தைத் தடுத்தும் தடுப்பூசி போட்டும் அதை அங்கேயே அடக்கிவிட முடிந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அதே நான்காம் கால்வழி சின்ஜியாங்கில் நுழைந்தபோது, 2014இன் முதல் சில மாதங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட மாகாணங்களில் நோய் பதிவாயிற்று. வைரஸின் கால்வழி மாறவில்லை. மாறியது ஆட்டுச் சந்தையோடு அந்த இடத்துக்கு இருந்த தொடர்பு. உயிருடன் ஆடுகளை ஏற்றிய லாரிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைச் சில நாட்களில் கடக்கும் நாட்டில், மேய்ப்பர் நடக்கும் வேகத்துக்கு ஏற்ப வகுத்த கட்டுப்பாடுகள் பின்தங்கிவிட்டன.

அடுத்து மங்கோலியா. அங்கே 2016 செப்டம்பரில் ஆடுகளில் முதல் நோய் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து, அன்று அழியும் நிலையில் இருந்த சைகா என்னும் மறிமான்கள் பனிவெளியில் கூட்டங்கூட்டமாகச் செத்துக் கிடந்தன. மங்கோலிய சைகாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு சரிந்தது என்பது பின்னர் வந்த ஆய்வின் மதிப்பீடு. எந்த இடத்தில் எந்தக் காலத்தில் மான்கள் செத்தன என்பதை ஆடுகளின் நோய்ப்பதிவோடு ஒப்பிட்டபோது, ஒரே ஒரு முறை அல்ல, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வேளைகளில் ஆடுகளிடமிருந்து மான்களுக்கு நோய் தாவியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. முதல் அறிவிப்புக்கு முன்பே வைரஸ் நாட்டுக்குள் நுழைந்திருக்கக்கூடும் என்பதையும் மரபணுக் கணக்கு உணர்த்தியது. காட்டுயிர் இறப்பு வெளியில் தெரிந்ததால்தான் உலகம் அந்த நோயைப் பற்றிப் பேசியது. அதற்கு முன் செத்த ஆடுகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களைத் தவிர யாரும் பேசவில்லை.

மரபணு, வைரஸ் வந்த வழியைச் சொல்கிறது என்றால், இரத்தச் சோதனை அது எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். நோயிலிருந்து தப்பிய ஆட்டின் இரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான புரதங்கள் நீடித்து நிற்கின்றன. எலிசா என்னும் சோதனையால் அவற்றைக் காணலாம். இந்தியாவில், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் முக்தேஷ்வர் வளாகம் உருவாக்கிய சோதனைத் தொகுப்புகளே பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு மாவட்டத்தில் குலுக்கல் முறையில் ஊர்களைத் தேர்ந்து, ஊருக்குச் சில ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தால், யாரும் அறிவிக்காத நோய்க்கிளர்ச்சிகளின் சுவடும் தெரிந்துவிடும். இந்தக் கருவியின் கழுத்தை நெரிப்பது, விந்தையாக, நோயைத் தடுக்கும் தடுப்பூசியேதான். இப்போதுள்ள தடுப்பூசிகள் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸால் ஆனவை. அவை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களும் உண்மை நோய் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களும் சோதனைக்கு ஒன்றே. இரத்தம் 'ஆம்' என்று சொன்னால், அந்த ஆடு ஊசி போட்டுக்கொண்டதா, நோயில் படுத்து எழுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழி ஆட்டுக்காரர்களின் அறிவை ஒட்டியது: பல்லைப் பார்ப்பது. ஆட்டுக்கு முன்வரிசையில் முதல் இரண்டு நிலைப்பற்கள் ஏறக்குறைய ஒன்றேகால் வயதில் முளைக்கின்றன. கடைசித் தடுப்பூசி முகாமுக்குப் பிறகு பிறந்த, தாய்ப்பால் பாதுகாப்பும் தீர்ந்துவிட்ட, இன்னும் பல் போடாத குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதித்தால், அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருப்பதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு: வைரஸ் அந்த ஊருக்கு வந்து போயிருக்கிறது. மாடுகளின் இரத்தமும் இப்படி உதவக்கூடும், ஏனெனில் மாட்டுக்கு இந்நோயில் அறிகுறி வராவிட்டாலும் தொற்றின் சுவடு இரத்தத்தில் பதிகிறது. ஆட்டுத் தடுப்பூசியை மாட்டுக்கு யாரும் போடுவதில்லை.

இந்தியாவில் தடுப்பூசி இல்லாத குறை கிடையாது. இமாச்சலப் பிரதேசத்தின் சுங்ரியில் வெள்ளாட்டிலிருந்து பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவான சுங்ரி 96, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய அரசூர் 87, கோயம்புத்தூர் 97 ஆகிய மூன்றும் இந்திய மண்ணின் வைரஸ்களையே பழக்கி எடுத்தவை. அரசூரில் ஆடுகளைக் கொன்ற அதே வைரஸ் ஆய்வகத்தில் சாதுவாகிப் பிற்பாடு ஆடுகளைக் காக்க வந்தது. நான்கு கால்வழிகளாகப் பிரிந்திருந்தாலும் நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை வைரஸ் ஒரே வகை என்பதால், எந்தக் கால்வழியின் தடுப்பூசியும் எல்லாவற்றையும் தடுக்கும். மூன்று நான்கு மாதக் குட்டிக்குத் தோலுக்கடியில் போடும் ஓர் ஊசி மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். 2010 முதல் மத்திய அரசின் கட்டுப்பாட்டுத் திட்டமும் நடக்கிறது. எனினும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகளும் 7.42 கோடி செம்மறிகளும் உள்ளன. விற்பனையாலும் அறுப்பாலும் பிறப்பாலும் மந்தையில் பெரும்பங்கு ஆண்டுதோறும் புதிதாகிவிடுகிறது. இந்த ஆண்டு எண்பது விழுக்காடு ஆடுகளுக்கு ஊசி போட்டாலும், அடுத்த ஆண்டு அந்த மந்தை அதே மந்தையாக இருப்பதில்லை.

தடுப்பூசித் திட்டத்துக்குப் பின் பதிவாகும் நோய்க்கிளர்ச்சிகள் குறைந்தன. பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம் இப்பதிவுகளைத் திரட்டி, மழை, வெப்பநிலை, ஆடுகளின் அடர்த்தி, முந்தைய நோய்ப் பதிவு ஆகியவற்றோடு சேர்த்து, வரும் மாதங்களில் எந்த மாவட்டத்தில் நோய் வரக்கூடும் என்று முன்னறிவிப்பும் வெளியிட்டுவருகிறது. பயனுள்ள வேலைதான். ஆயினும், முன்னறிவிப்பு முந்தைய அறிவிப்புகளிலிருந்து கற்கிறது. நோயை ஒழுங்காக அறிவிக்கும் மாவட்டம் அபாயமான மாவட்டமாகவும், எதையும் அறிவிக்காத மாவட்டம் அமைதியான மாவட்டமாகவும் தெரிவதற்கு அதில் இடமிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆட்டுக்கொல்லியை அறிவித்தே ஆகவேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் கடமை இருக்கிறது. அறிவிப்பவருக்கு அதனால் கிடைப்பது என்னவென்று பார்த்தால், சந்தை மூடப்படுவதும் ஊர்க்காரர்களின் கோபமும்தான்.

எந்த மந்தைகளைக் கண்காணிக்க வேண்டும் என்பதிலும் தேர்வு தேவை, ஏனெனில் எல்லா ஆடுகளும் நோயைத் தக்கவைப்பதில் சமமல்ல. எத்தியோப்பியத் தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஒரு கணித மாதிரி ஆய்வு, பெரிய மந்தைகள் ஓயாமல் நகர்ந்து கலக்கும் தாழ்நில மேய்ச்சல் பகுதிகளில் வைரஸ் தானாகவே ஆண்டாண்டுக்கும் நிலைக்க முடியும் என்றும், சிறு மந்தைகள் ஓரிடத்தில் தங்கும் மலைநாட்டு உழவர் பகுதிகளில் வெளியிலிருந்து மீண்டும் மீண்டும் நுழைந்தால் ஒழிய அது அணைந்துவிடும் என்றும் காட்டியது. மலைநாட்டில் எவ்வளவு ஊசி போட்டாலும் ஊற்றுக்கண் தாழ்நிலத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். இந்த அளவுகோலைத் தமிழ்நாட்டின் மீது வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகளின் தலைமையில் செம்மறி மந்தைகள் அறுவடை முடிந்த காவிரிப் படுகைக்குச் சென்று, வயலுக்கு வயல் கிடை போட்டு உரமேற்றி, மழைக்கு முன் ஊர் திரும்புகின்றன. வழியில் வேறு மந்தைகளோடு கலக்கும் வாய்ப்பும், எந்தக் கால்நடை மருந்தகத்தின் எல்லையிலும் நிலையாக இல்லாமல் நழுவும் வாய்ப்பும் அவற்றுக்கே அதிகம். ஊர்க்கணக்கில் நடத்தும் தடுப்பூசி முகாமில் அன்றைக்கு ஊரில் இல்லாத ஆடு விடுபடும். ஆனால் இதே கீதாரிக்குத்தான் எந்த வழியில் எந்த மாதத்தில் எந்த மந்தை நடந்தது என்பது பாராமல் சொல்லத் தெரியும்.

காது வில்லையும் கணினியும் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு ஐரோப்பாவின் அனுபவம் ஒரு மறுமொழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் மின்னணு அடையாளம் 2010 முதல் கட்டாயம். ஒன்றியத்துக்குள் ஆட்டுக்கொல்லி முதன்முதலில் 2018இல் பல்கேரியாவின் துருக்கி எல்லையோரக் கிராமத்தில் காணப்பட்டு, ஆடுகள் கொல்லப்பட்டு அடக்கப்பட்டது; கொல்லவந்த அதிகாரிகளைக் கிராமத்தினர் எதிர்த்தனர். 2024 ஜூலையில் கிரேக்கத்தின் தெசலி பகுதியிலும் ருமேனியாவிலும் நோய் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் பல்கேரியா, 2025 ஜனவரியில் ஹங்கேரி. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம், வளையத்துக்குள் நடமாட்டத் தடை என்று விதிகள் தெளிவாக உள்ளன. ஒவ்வோர் ஆட்டுக்கும் எண் உண்டு. இருந்தும் நாடு விட்டு நாடு அது தாவியது. ஆட்டின் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும் ஆடு போகும் இடத்தை அறிவதும் வேறு வேறு என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. நோயைச் சொன்னால் மந்தை முழுவதும் கொல்லப்படும் என்ற அச்சம் ஒரு பக்கம், சொன்னாலும் ஈடு கிடைக்காது என்ற கசப்பு இன்னொரு பக்கம்: இரண்டும் ஒரே மௌனத்தில் போய் முடிகின்றன.

உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில், நோய் முதலில் விவரிக்கப்பட்ட அதே நாட்டில், 2030க்குள் ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்து ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தன. ஒரே வகை வைரஸ், நீண்டகாலம் காக்கும் தடுப்பூசி, மறைந்து சுமக்கும் விலங்கு இல்லாமை ஆகிய மூன்றும் வெக்கைக்குப் பொருந்தியது போலவே இதற்கும் பொருந்துகின்றன என்பது அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. வெக்கைக்கு இல்லாத இடர்ப்பாடு ஆட்டின் இயல்பிலேயே இருக்கிறது: மாடு ஆண்டுகளாக வீட்டில் நிற்கும், பெயர் சொல்லி அழைக்கப்படும், செத்தால் ஊருக்கே தெரியும், ஆடு மாதங்களில் கைமாறும் ரொக்கம். திட்டத்தின் கடைசிப் படியில், ஒரு கட்டத்தில் தடுப்பூசியையே நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் குட்டியின் இரத்தத்தில் தெரியும் எதிர்ப்புப் புரதம் ஐயமில்லாத சான்றாகும். ஊசியை நிறுத்தும் துணிவு வர, வைரஸ் எங்கும் இல்லை என்ற அறிவு முன்கூட்டியே வேண்டும். இந்தியாவில் கடைசி வெக்கை 1995இல் காணப்பட்டது. நாடு வெக்கைத் தொற்றற்றது என்று ஏற்கப்பட்டது 2006இல். உலகின் கடைசி நோய்க்கிளர்ச்சி கென்யாவின் காட்டெருமைகளில் 2001இல் கண்டறியப்பட்டது. ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது 2011இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று இரத்தம் எடுத்தவர்கள் தேடியது, அங்கு இல்லாத ஒரு நோயை.